கேளாமல் ஒடித்த கிளை

திருடி நட்ட செடிதான் செழிக்கும் என்றொரு பேச்சு மக்களிடையே வழங்கி வருகிறது. குறிப்பாக, மணி பிளாண்ட் என்னும் கொடியைப் பற்றி இவ்வாறு கூறுவர். கடையில் வாங்கி வைத்தால் பணம் தங்காதாம். கேட்டு வாங்கி வைத்தாலும் பயனில்லையாம். பிறர் வீட்டுக் கொடியிலிருந்து யாரும் அறியாமல் ஒரு துண்டு கிள்ளி வந்து வைத்தால்தான் வீட்டில் செல்வம் கொழிக்குமாம். சொல்பவர்களும் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். கேட்பவர்களும் சிரித்துக்கொண்டே கேட்கின்றனர். பிறர் பணப்பையைத் தொடக் கனவிலும் கருதாத நல்லவர்கள், பிறர் வேலியோரத்துக் கிளையை ஒடிக்கும்போது கூசுவதில்லை. ஏன் இந்த வேறுபாடு? ஒரு கிளையைக் கேளாமல் ஒடிப்பது களவா, அன்றா? சிறு வினாவாகத் தோன்றும் இது, சற்று ஆழ்ந்து நோக்கினால், உடைமை என்பது யாது, கொடை என்பது யாது என்னும் பெரிய வினாக்களுக்கு இட்டுச் செல்கிறது.

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். தீபகற்ப மலேசியாவின் சிறு நகரொன்றில், வரிசை வீடுகள் அமைந்த ஒரு தாமான். அதன் மூலை வீட்டில் மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். இளமையெல்லாம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கழித்தவர். நாற்றுமேடையில் ஒட்டுக்கட்டிப் பழகிய கை அவருடையது. 1990களில் அத்தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டன. புறப்படும் நாளில் அவர் சட்டி பானைகளோடு ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தது ஒரு சாண் நீளச் செம்பருத்திக் குச்சி. அடுக்கடுக்கான இதழ்களோடு இளஞ்சிவப்பாகப் பூக்கும் அச்செடியை லயத்து வாசலில் முதலில் நட்டவர் அவருடைய தாயார். இன்று அத்தோட்டம் இல்லை, லயமும் இல்லை, தாயாரும் இல்லை. செடி மட்டும் மூலை வீட்டு வேலியில் ஆள் உயரம் வளர்ந்து, பாதை வரை சாய்ந்து பூக்கிறது.

நான்கு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்த இளம்பெண் ஒருத்தி, மாலை மங்கும் வேளையில் அவ்வழியே வருகிறாள். பூவின் அழகு அவளை நிறுத்துகிறது. இருபுறமும் பார்க்கிறாள். பாதையை நோக்கி நீண்டிருந்த ஒரு கிளையை வெடுக்கென்று ஒடித்துத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு விரைகிறாள். சன்னலருகே அமர்ந்திருந்த மூதாட்டி அதைக் காண்கிறார். ஒரு குச்சிதானே என்று எண்ணி வாளாவிருந்துவிடுகிறார்.

இளம்பெண்ணின் சார்பில் வழக்காட விரும்புவோர்க்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது, இங்கே தாய்ச்செடிக்கு இழப்பு ஏதும் இல்லை என்பது. ஒரு கிளையின் நுனியில் மொட்டு இருக்கும்வரை, அதற்குக் கீழேயுள்ள பக்க மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் கீழ்நோக்கி இறங்கி அவற்றை அடக்கி வைக்கிறது. நுனி நீங்கியதும் அவ்வடக்கம் தளர்ந்து, ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் தோன்றுகின்றன. வெட்டியெடுத்த துண்டிலோ அதே ஆக்சின் அடிப்பகுதியில் வந்து சேர்ந்து வேர் பிடிக்கத் தூண்டுகிறது. ஆகவே ஒரே வெட்டில் தாய் அடர்கிறது, சேய் பிறக்கிறது. பணத்தை எடுத்தால் பணம் குறையும். நெல்லை எடுத்தால் நெல் குறையும். கிளையை எடுத்தால் செடி தழைக்கும். எடுக்க எடுக்கத் தழைக்கும் ஒன்றை எடுப்பது எவ்வாறு களவாகும் என்பது அவர்கள் கேள்வி.

இரண்டாவது, இச்செடிகள் எவருக்கும் தனியுரிமை ஆனவை அல்ல என்பது. மணி பிளாண்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரேயா என்னும் சிறு தீவு. அது தானாகப் பூப்பது மிக அரிது; வீடுகளில் அது விதையால் பெருகுவதே இல்லை. எனவே கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ ஒரு வீட்டுச் சன்னலில் தொங்கும் அக்கொடி, எக்காலத்திலோ எவரோ கிள்ளிய துண்டின் துண்டாகும். வேலிதோறும் பூக்கும் காகிதப்பூ பிரேசில் நாட்டுக்குரியது. 1767ஆம் ஆண்டில் அங்குச் சென்ற பிரெஞ்சுக் கப்பற்பயணத்தின்போது சேகரிக்கப்பட்டு, அக்கப்பற்படைத் தலைவரான பூகன்வில்லின் பெயரைப் பெற்றது. 1960ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மலாயாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியும் வெளியிலிருந்து வந்து இம்மண்ணில் குடியேறியதே. அதன் அடுக்கு வகைகள் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. குச்சியை நட்டே அவற்றைப் பெருக்குகின்றனர். இவ்வாறு கை மாறிக் கை மாறி வந்த ஒன்றை, கடைசியாகப் பெற்றவர் மட்டும் 'என்னுடையது' எனல் தகுமா என்றும் அவர்கள் வினவுவர்.

சட்டத்தை நாடினாலும் இவ்வழக்கு முடிவதில்லை. 2004ஆம் ஆண்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் புதிய தாவர வகைகளைப் பாதுகாக்கும் சட்டங்களை இயற்றின. பல்லாண்டு உழைத்துப் புதியதொரு வகையை உருவாக்கியவரின் இசைவின்றி, அதனைப் பெருக்கி விற்கக் கூடாது என்பது அவற்றின் நோக்கம். ஆனால் ஒருவர் தம் வீட்டளவில், வணிக நோக்கமின்றிச் செய்துகொள்வதில் அச்சட்டங்கள் தலையிடுவதில்லை. மூதாட்டியின் பழஞ்செடியோ எவரும் பதிவு செய்யாதது. வேலிக்குள்ளிருப்பது வேலிக்குரியவர் பொருளே என்றாலும், ஒரு சாண் குச்சிக்காக நீதிமன்றப் படி ஏறுவாரும் இல்லை. சட்டம் விலகி நிற்கும் இத்தகைய இடங்களில்தான் மனிதரின் அறவுணர்வு ஆய்வுக்கு உள்ளாகிறது.

எடுப்பதால் குறைவதில்லை என்னும் வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். கினாபாலு மலையில் ரோத்சைல்டியானம் எனப்படும் ஆர்க்கிட் வகையொன்று உண்டு. அதன் பூவின் ஓர் இதழ் செருப்பின் முனைபோல் குவிந்திருக்கும். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அதனைத் தேடிச் சென்றோர் நுனி கிள்ளி வரவில்லை. வேரோடு பெயர்த்து வந்தனர். அவ்வகையோ விதையிலிருந்து வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும். விளைவு, மலையில் அது அருகிப்போயிற்று. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் வாசிங்டனில் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை, இன்று அவ்வகை ஆர்க்கிட்டுகளைக் காட்டிலிருந்து எடுத்து விற்பதைத் தடை செய்கிறது. வேலியோரத்தில் குச்சி ஒடிப்பவரும் மலையில் செடி பெயர்ப்பவரும் ஒரே அளவினர் அல்லர். ஆயினும், 'ஒன்றுதானே' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதில் இருவரும் ஒத்தவரே.

மீண்டும் செம்பருத்திக்கு வருவோம். அங்கே இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், தவறு எங்கே இருக்கிறது?

கேட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணினால் விடை புலப்படும். மூதாட்டி உள்ளே சென்று கத்தி எடுத்து வந்திருப்பார். மிக இளசும் மிக முற்றலும் தவிர்த்து, பென்சில் பருமனுள்ள ஒரு கிளையைத் தேர்ந்திருப்பார். மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு, கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டித் தந்திருப்பார். "கீழிலைகளைக் கிள்ளிவிடு, மேலிலைகளைப் பாதியாக நறுக்கு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வை, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், ஒரு மாதம் போல அசைத்துப் பார்க்காதே" என்று சொல்லியிருப்பார். இதுவும் ஒரு பாடமே. அவசரத்தில் ஒடிக்கும் கைக்கு இப்பாடம் கிடைப்பதில்லை. வெடுக்கென்று ஒடிக்கும்போது பட்டை உரிகிறது. தாய்ச்செடியின் புண் வழியே நோய் நுழைகிறது. ஒடித்த துண்டும் பெரும்பாலும் அழுகிப்போகிறது. திருடிய செடிதான் செழிக்கும் என்னும் பேச்சு மணி பிளாண்டைப் பற்றி எழுந்ததற்குக் காரணம், அது எப்படி நட்டாலும் பிழைக்கும் வன்மையுடையது என்பதாக இருக்கலாம். நெஞ்சின் கூச்சத்தை மூடிக்கொள்ளச் சிலர் அதைப் போர்வையாக்கிக்கொண்டனர் போலும்.

கத்தியோடும் பாடத்தோடும் இன்னொன்றும் வந்திருக்கும். "இது எங்கள் அம்மா லயத்து வாசலில் வைத்த செடி" என்று அம்மூதாட்டி சொல்லியிருப்பார். அச்சொல்லோடு ஒரு தோட்டமும், ஒரு தலைமுறையின் வாழ்வும் அக்கிளையோடு சேர்ந்து நான்காம் வீட்டுக்குப் போயிருக்கும். கேளாமல் எடுத்தவளுக்குக் கிளை கிடைத்தது, வரலாறு கிடைக்கவில்லை. மூதாட்டியிடமிருந்து பறிபோனது ஒரு சாண் மரக்கட்டை அன்று, கொடுக்கும் உரிமை. கொடுப்பவர் குறைவதில்லை என்பது உண்மையே. அவ்வுண்மையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் கொடுப்பவர். எடுப்பவர் அதைத் தமக்குச் சான்றாகக் காட்டுதல் முறையன்று.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் இல்லறவியலில் வைத்தார். கள்ளாமையைத் துறவறவியலில் வைத்தார். கொடுத்தல் வீட்டு வாழ்வில் அன்றாடம் பயில வேண்டிய ஒழுக்கம். களவோ மனத்தின் ஆசையில் வேர் கொள்வது. ஆதலின் அதனைக் களையும் முயற்சியும் உள்ளத்திலேயே தொடங்க வேண்டும். எடுத்த பொருளின் சிறுமை, ஆசையின் சிறுமையைக் காட்டாது.

காட்சியின் அடுத்த பகுதியை எண்ணிப் பார்க்கலாம். இளம்பெண்ணின் கிளை நற்பேற்றால் பிழைத்துவிடுகிறது. ஓராண்டில் முதல் மொட்டு விரிகிறது. அப்போதுதான் அவளுக்கு அச்சம் பிறக்கிறது. வீட்டின் முன்புறத்தில் வைத்தால் மூதாட்டி கண்டுகொள்வாரே! தொட்டியை இழுத்துச் சென்று பின்கட்டில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே வைக்கிறாள். அழகுச் செடி உணவு தருவதில்லை. மருந்துக்காக வளர்க்கப்படுவதும் இல்லை. காண்போர் கண்ணுக்கு இன்பம் தருவது ஒன்றே அதன் பயன். அந்த ஒரு பயனையும் அது இழந்து, சுவரைப் பார்த்துப் பூக்கிறது. வழியில் மூதாட்டி எதிர்ப்பட்டால் அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். கேட்டுப் பெற்றிருந்தால் நாள்தோறும் பேசியிருக்கக்கூடிய இருவர், ஒரு கிளையின் பொருட்டு அயலாராயினர்.

பின்னொரு நாள், பாதையோரக் கால்வாயைச் செப்பனிட வந்தவர்கள் வேலியோரத்தைத் தோண்டியபோது, மூதாட்டியின் செம்பருத்தி வேரோடு பெயர்ந்து விழுகிறது. அவர் வந்து பார்க்கும்போது வெயிலில் வதங்கிக் கிடக்கிறது. எஞ்சிய குச்சிகளை எடுத்து நட்டுப் பார்க்கிறார், ஒன்றும் தளிர்க்கவில்லை. தாயார் வைத்த செடி அன்றோடு முடிந்தது என்று அவர் எண்ணுகிறார். முடியவில்லை. நான்கு வீடு தள்ளி, ஒரு பின்கட்டில், அதே செடி உயிரோடு நிற்கிறது. வெட்டி நட்ட கிளை தாய்ச்செடியின் மகவு என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது தாய்ச்செடியேதான். விதையில் இரு செடிகளின் இயல்பு கலக்கும். கிளையில் கலப்பில்லை, அதே உயிர் வேறோர் இடத்தில் தொடர்கிறது.

களவின் முழுத்தீமையும் இங்கேதான் வெளிப்படுகிறது. இளம்பெண் "என்னிடம் அந்தச் செடி இருக்கிறது" என்று சொல்ல முடியாது. சொன்னால் களவு வெளிப்படும். மூதாட்டியும் "நீ எடுத்ததில் ஒரு கிளை கொடு" என்று கேட்க முடியாது. கேட்டால் அவள் முகம் சுருங்கும். செடி இருந்தும் இல்லாததாயிற்று. கேட்டுக் கொடுத்திருந்தால், கொடுத்த கிளையே கொடுத்தவருக்குக் காப்பாக நின்றிருக்கும். தம்மிடமுள்ளது பட்டுப்போனாலும், தாம் கொடுத்த வீட்டில் அது தழைத்திருக்கும். கிளை வழியே பெருகும் செடிகளுக்குப் பிறர் வீடுகளைவிட நல்ல களஞ்சியம் வேறில்லை. கேளாமல் எடுத்த கிளையோ திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டுச் செல்கிறது.

இவ்விடத்தில், கேட்டும் கொடாதவரைப் பற்றியும் கூறவேண்டும். "என் வீட்டில் மட்டுமே இப்பூ இருக்க வேண்டும்" என்று கருதிக் கிளை மறுப்போர் உண்டு. கிளையைத் தந்துவிட்டு, வேர் பிடிக்கும் முறையை மறைப்போரும் உண்டு. அவர்கள் களவுக்கு வழி திறந்துவிடுகின்றனர். சிங்கப்பூரில் வாழ்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணி வேறு வகையினர். தம் வீட்டுத் தோட்டத்தில் பூத்த புதியதோர் ஆர்க்கிட்டை அவர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் கொண்டு சென்று காட்டினார். ரிட்லி 1893இல் அதற்கு அப்பெண்மணியின் பெயரைச் சூட்டி வெளியுலகிற்கு அறிவித்தார். அதன் தண்டுத் துண்டுகள் எளிதில் வேர் பிடிப்பவை. அவை வேலிகளுக்கும் பூங்காக்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றன. ஹவாய்த் தீவுகளில் மாலை கட்டும் மலராயின. 1899இல் அவர் மறைந்தார். 1981இல் வாண்டா மிஸ் ஜோக்கிம் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. அவர் அதனை மதிலுக்குள் மறைத்து வைத்திருப்பாராயின், ஒரு நாட்டுக்கு அம்மலர் கிட்டியிராது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் தமிழ்மக்களுக்கு, முல்லைக் கிளை ஒன்றை அண்டை வீட்டாருக்கு ஈவது பெரிதாகாது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வினா தொலைவில் இல்லை. பக்கத்திலிருப்பவன் எழுதிய கட்டுரையைப் பார்த்தெழுதும் மாணவன் சொல்வதும் இதுதான்: "அவனுக்கு என்ன குறைந்துவிட்டது?" குறையவில்லை என்பது மெய்யே. ஆனால், "எனக்கு விளங்கவில்லை, சொல்லிக்கொடு" என்று கேட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய விளக்கம் வரவில்லை, நட்பும் வரவில்லை. விடை வந்தது, வேர் வரவில்லை. பிறர் கருத்தைத் தம் கருத்தாக எழுதுவோர் நிலையும் அதுவே. யார் தோட்டத்துக் கிளை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால், அதே கருத்து நன்றியோடு தழைக்கும். சொல்லாதவர் அக்கருத்தைப் பின்கட்டிலேயே வைத்திருக்க வேண்டியதுதான். எவரேனும் கண்டுகொள்வரோ என்னும் அச்சம் நீங்காது. அவ்வாறே, தாம் பல்லாண்டு முயன்று கண்ட கற்பிக்கும் முறையை உடனாசிரியர்க்குக் காட்டாமல் பேழையில் பூட்டி வைக்கும் ஆசிரியரும் உண்டு. அவர் ஓய்வு பெறும் நாளில் அச்செடியும் அவரோடு பட்டுப்போகிறது.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இது: கேளாமல் ஒடித்த கிளை களவே. பொருளின் அளவை வைத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய களவு; கெடுக்கும் உறவை வைத்துப் பார்த்தால் அத்துணைச் சிறியதன்று. எனினும் வேறு களவுகளுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இதற்கு உண்டு. எடுத்த பொருள் அழியாமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. எந்நாளிலும் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தபின்னும் எடுத்தவரிடம் அது குறைவதில்லை.

அந்த இளம்பெண் ஒரு மாலை, வேர் பிடித்த கன்று ஒன்றைச் சிறு தொட்டியில் ஏந்தி மூலை வீட்டு வாசலில் நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம்.

"பாட்டி, இது உங்கள் செடிதான். அன்றைக்குக் கேட்காமல் ஒடித்துவிட்டேன்."

"தெரியும் பிள்ளை. சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

"அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாட்டி?"

"நீ கேட்கவில்லையே, நான் எப்படிக் கேட்பேன்? உள்ளே வா. இது எங்கள் அம்மா லயத்து வாசலில் வைத்த செடி. சொல்கிறேன், உட்கார்."

ஈராண்டுக்கு முன் ஒடிக்கப்பட்ட கிளை, அன்றைக்குத்தான் கொடுக்கப்பட்டது.